தாய்மாமன் அனுப்பிய பச்சை வானம்

எட்மண்டன், கனடா
2-3-2025

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சுகம். அத்தானும் மதிக்குட்டியும் சுகம்தானே? வைகாசியில் அவளுக்குக் காதுகுத்து என்று சொன்னாய். இந்தத் தடவையும் என்னால் வர முடியாது. கம்பெனியில் ஒரு நாள்கூட லீவு தரமாட்டேன் என்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. தாய்மாமன் சீராக ஒரு வெள்ளி நாணயம் அனுப்பியிருக்கிறேன். இங்கே வடக்குக் கோடியில் குளிர்காலத்தில் வானமெல்லாம் பச்சையாக ஒரு ஒளி ஆடும். அதை அப்படியே வர்ணத்தோடு பதித்திருக்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கென்று கொஞ்சம்தான் அடிப்பார்கள். சீர்த்தட்டில் வைத்துவிடு. நானே வந்ததாக நினைத்துக்கொள்.

உன் தம்பி,
சுயம்பு


எண்ணூர்
9-4-2025

அன்புத் தம்பி சுயம்புவுக்கு,

வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாணயம் வந்தது. அழகுதான். சீரைப் பிளாஸ்டிக் டப்பாவோடு வைப்பார்களா? வெளியே எடுத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மூன்றே வாரத்தில் கரியாகக் கறுத்துவிட்டது. இங்கே காற்று அந்த லட்சணம். சாயங்காலமானால் அழுகின முட்டை வாடை. நம் கடையில் அரிசி மூட்டையைத் தட்டினால் அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிறது. முகத்துவாரத்து இறால் வாங்கிக் குழம்பு வைத்தால் எண்ணெய் நாறுகிறது. நேற்று அத்தான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாசலில் போய்த் துப்பினார்.

குத்துவிளக்கு தேய்ப்பதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்போடு சேர்ந்து உன் பச்சை வானமும் கழன்று வந்துவிட்டது.

அது கிடக்கட்டும். ஒரு வயதில் குத்தலாம் என்றபோது வருகிறேன் என்றாய். மூன்றிலும் அதையே சொன்னாய். ஒற்றைப்படை வயதில்தானே குத்த வேண்டும், உனக்காகத்தான் ஐந்துவரை தள்ளினேன். பிள்ளை உட்கார மாமன் மடி வேண்டும், தட்டு போதாது. எனக்கு நீ ஒருத்தன்தான். நாள் வைகாசி பதினாறு. கெஞ்சிக் கேட்டாவது லீவு வாங்கிக்கொண்டு வா.

எதிர்பார்க்கும் அக்கா,
ராமசெல்வி


எட்மண்டன்
28-4-2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாணயத்தை விரலால்கூடத் தொடக்கூடாது. நீ புளி போட்டுத் தேய்த்திருக்கிறாய். சீ.

ஏதோ தெருமுனையில் வாங்கியது என்று நினைத்தாயா? அந்த ஒளியைப் பார்க்கவென்றே பிப்ரவரியில் சிநேகிதர்களோடு பத்து நாள் வடக்கே யெல்லோநைஃப் ஊருக்குப் போனேன். மைனஸ் முப்பதில் விறைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, அங்கேயே வாங்கியது. அந்த ஊருக்கு எதை அனுப்பினாலும் இந்தக் கதிதான். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. மடிக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

சுயம்பு


எண்ணூர்
3-6-2025

சுயம்புவுக்கு,

மதிக்குக் காது குத்தியாகிவிட்டது.

ஒரு நாள்கூட லீவு இல்லை என்று எழுதிய அதே கைதான், பத்து நாள் ஒளி பார்க்கப் போனேன் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அந்த இறாலைத் தின்ற மாதிரி இருந்தது. நானும் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், மடிக்கு ஆளில்லை. பந்திக்கு ஐஸ் இறக்க வந்த பக்கத்துக் கடை கலீலுல்லா விஷயத்தைக் கேட்டார். “மாமன் வர்லன்னா இன்னாக்கா? புள்ளைய இப்டி குடு, நான் புட்சிக்கிறேன்” என்றார். கையைக் கழுவிவிட்டு மணையில் உட்கார்ந்தார். மதி வலி தாங்காமல் அவர் கையைக் கடித்துவிட்டாள். “கட்ச்சிக்கட்டும், உடுக்கா” என்றார். இனி இந்த வீட்டில் எந்த விசேஷத்துக்கும் மாமன் சீர் அவருடையது.

நாணயத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். உறையில் போடும்போது மதி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இதான் சுயம்பு மாமாவாம்மா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராமசெல்வி