பதிவேட்டில் வராதவர்கள்

பிப்ரவரி 3
என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். மைதானத்து அறையில் அவர் நாற்காலி அப்படியே இருக்கிறது. உட்கார மனம் வரவில்லை. உடைமாற்றும் அறையைக் கழுவிவிட்டு, நின்றுகொண்டே வருகைப் பதிவேட்டை எழுதினேன். பதினாறு பேர். கேட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, கூட்டிக் கழுவுவது என் வேலை. இப்போது இரண்டும் என் தலையில்.

பிப்ரவரி 5
நகர மன்றத்திலிருந்து கடிதம். மேற்பார்வையாளர் படித்துச் சொன்னார். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அந்த ஆபீஸ் தமிழ் பிடிபடாது.
"நாளுக்கு இருபது பேர்கூட வராத மைதானத்துக்கு ரெண்டு வேலையாள் எதுக்குன்னு கேக்கறாங்கம்மா. ஆளை நிறுத்திட்டு, பூட்டி வச்சு, கட்டணம் கட்டற கிளப்புக்கு மட்டும் திறக்கறதாம். இருபத்தொண்ணாம் தேதி கூட்டம்."
சாயங்காலம் கோல்போஸ்ட் பக்கத்திலேயே இருபது பேர் நிற்பார்களே.
"யார் சொன்ன கணக்குங்க?"
"உங்க வீட்டுக்காரர் எழுதினதுதான்."

பிப்ரவரி 6
எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.
நகர மன்றம் தரும் பாஸ் இல்லாத யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. இவர் விளையாட வரும் பிள்ளைகள் எல்லோரையும் விட்டார். விட்டதை எழுதினால் மாட்டிக்கொள்வார் என்று பாஸ் வைத்திருப்பவர்களை மட்டும் எழுதினார். ஒரு தடவை கேட்டேன். "பாஸ் இல்லாதவங்க என் கண்ணுக்குத் தெரியறதில்ல. டாக்டர் கண்ணாடி எழுதிக் குடுத்தார், நான்தான் வாங்கல" என்று சிரித்தார். பதினோரு வருஷம். அவருக்குப் பின்னால் நானும் அப்படியேதான் எழுதினேன்.
அந்தப் பிள்ளைகளுக்காகச் செய்தது, அந்தப் பிள்ளைகள் முகத்திலேயே கேட்டைச் சாத்தப் போகிறது.

பிப்ரவரி 9
மைதானத்தில் விளையாடும் பிள்ளைகள் போன மாதம் அவர் பெயரை எழுதி அறைச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். பெயருக்குக் கீழே, "நேர்மையான காவலர்". தினமும் துடைப்பேன். இன்று துடைக்கவில்லை.

பிப்ரவரி 12
தலைக்கு ஒரு கூழாங்கல் என்று வாளியில் போட்டேன். நூற்று முப்பத்திரண்டு. பாஸ் இருந்தவர்கள் பதினேழு.
வாளியை மேற்பார்வையாளரிடம் காட்டினேன்.
"ஒருநாள் கல்லை யார் நம்புவாங்க? பதினோரு வருஷப் புத்தகம் அவங்க மேசையில இருக்கு. அது தப்புன்னு யாராவது சொன்னாத்தான் உண்டு."
யாராவது என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15
நாத்தனார் வந்தாள். கூட்டத்தில் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னேன். டீயை அப்படியே வைத்துவிட்டாள்.
"எங்க அண்ணன் இருந்தவரைக்கும் யார்கிட்டயும் ஒரு சொல் கேட்டதில்ல. ரெண்டு மாசம்கூட ஆகல, பொய் எழுதினவருன்னு நீங்களே மைக் பிடிச்சுச் சொல்லப் போறீங்களா அண்ணி? உங்க வேலையைக் காப்பாத்திக்கத்தானே?"
வேலைக்காகவா? வேலைக்காகவும்தான். என்னிடமே பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 20
பேச மூன்று நிமிஷம் தருவார்களாம். எழுதினேன், கிழித்தேன்.

பிப்ரவரி 21
கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர் எங்கள் பதிவேட்டை உரக்கப் படித்தார். "பத்தொன்பது. பதினேழு. பதினெட்டு." பக்கத்தில் இருந்தவர், "என் வீட்டு மொட்டைமாடிக்கே இதைவிட அதிகம் பேர் வருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.
என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிப் பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.
"அது சரியான கணக்கு இல்லைங்க. பாஸ் இல்லாத பிள்ளைங்களையும் என் வீட்டுக்காரர் உள்ள விட்டார். எழுதல. அப்புறம் நானும் எழுதல. நீங்களே ஒருநாள் சாயங்காலம் வந்து எண்ணிப் பாருங்க."
"உங்க கணவர் விதியை மீறினார்னு ஒத்துக்கறீங்களா?"
"ஆமாங்க."
குமாஸ்தா அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். வந்து எண்ணிவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.
வீட்டுக்கு வந்ததும் அவரைத்தான் கேட்டேன். அத்தனை பேரையும் துணிஞ்சு உள்ள விட்டீங்களே — எழுத மட்டும் ஏன் பயந்தீங்க? என் வாயால சொல்ல வச்சுட்டுப் போயிட்டீங்களே.

மார்ச் 1
எண்ண வந்தார்கள். நாலு மணியிலிருந்து தூறல். மைதானத்தில் ஆறே பேர். ஐந்துக்குத் தூறல் விட்டது. ஐந்தரைக்குச் சேற்றில் நூற்றுப் பதினெட்டு. கண்ணாடிக்காரர் பேண்ட்டில் ஒரு பந்து வந்து அடித்தது. அவரே எடுத்து எறிந்தார்.

மார்ச் 14
முடிவு வந்தது. இரண்டு வேலையும் இருக்கும். கட்டணம் கிளப்புகளுக்கு மட்டும். பிள்ளைகளுக்குப் பாஸ் வேண்டாம், பெரியவர்களுக்கு உண்டு. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். விதி மீறியவர் பெயரில் பலகை கூடாது என்று அதிலேயே ஒரு வரி.

மார்ச் 17
பலகையை நானே கழற்றினேன். அவருடைய பழைய சட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
சாயங்காலம் கால் கடுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தே எழுதினேன். நூற்று நாற்பத்தாறு.
மூடும் நேரத்துக்கு நாத்தனார் வந்தாள். சுவரில் பலகை இருந்த இடத்தைப் பார்த்தாள். மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனாள். அவளிடம் பாஸ் இல்லை.
முதலில் எழுதியதை அடித்துவிட்டு, நூற்று நாற்பத்தேழு என்று எழுதினேன்.