முள்ளில்லாத முள்ளுப்பழம்

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் என் விரல்களில் இருந்து அந்தப் பழவாசனை போகவில்லை. நோர்வேயின் வடமுனையில், மகள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். வாசிக்க நீ இல்லை என்று தெரியும். ஆனால் இதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.

காலையில் மகள் என்னைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனாள். மரம் மட்டை இல்லாத வெளி. கால் வைத்த இடமெல்லாம் பாசி புதைந்து, சப்பாத்துக்குள் தண்ணீர் வந்தது. அவள் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கித் தந்தாள். சாணளவுதான் இருக்கும். ஒரு காம்புக்கு மூன்று இலை. நுனியில் ஒரேயொரு சிவந்த பழம், சின்னச் சின்ன மணிகளைச் சேர்த்து ஒட்டியதுபோல. பக்கத்துச் செடியில் பிந்திப் பூத்த இளஞ்சிவப்புப் பூ.

“ராஸ்பெரியில இது குள்ள இனம், அம்மா. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

“முள்ளைக் காணேல்லை?”

“இதுக்கு முள்ளே இல்லை.”

அந்த ஈரத்திலேயே குந்தி இருந்துவிட்டேன். மகள் எனக்குத் தலைசுற்று என்று நினைத்துப் பதறினாள்.

உனக்கு அந்தப் பின்னேரம் மறந்திருக்காது. கிளிநொச்சியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். நீ அதைத் தாண்டி, பாவாடை நனைய, கடித உறையோடு ஓடிவந்தாய். உன் கணவர் நோர்வேக்குப் போய் இரண்டு வருடம். வவுனியாவுக்கு வா, அங்கிருந்து உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போக ஆள் வரும், விசாவுக்கு எல்லாம் சரி என்று எழுதியிருந்தார். அவருடைய கடிதங்கள் கொழும்பில் ஒரு சிநேகிதர் வழியாகத்தான் வரும், உறையில் கொழும்பு முத்திரைதான் இருக்கும். வன்னியை விட்டு வெளியேறுகிற அனுமதிப் பாசும் உன் கைக்கு வந்திருந்தது. ஆனால் அதற்கு முதல் கிழமைதான் கொழும்புக்குப் போய்வந்த பளை ஆள் ஒருவன், உன் கணவரைக் கொழும்பில் வேறொருத்தியோடு கண்டதாகக் கதை கட்டிவிட்டுப் போயிருந்தான்.

கடிதத்தில் மூன்றாய்ப் பிரிந்த ஒரு காய்ந்த இலையும் ஒரு பூவும் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தன. கீழே அவருடைய எழுத்து: “நம்ம தேயிலைத் தோட்டத்துல தண்ணிக் கான் ஓரமா முள்ளுப்பழம் பறிச்சுத் திம்போமே, அந்தப் பழம் இங்க சாணளவு செடியில காய்க்குது. முள்ளே இல்ல. நீ வந்ததும் காட்டுறேன்.”

நீ உன் முழங்கையைத் திருப்பி, மலையில் சிறுமியாக இருந்தபோது பட்ட கீறல்களைக் காட்டினாய். “ஆளுயரத்துக்கு வளர்ற பத்தை, ரீச்சர். முள்ளு இல்லாம அந்தப் பழம் எங்க இருக்கு?” கோபம் வந்தால் உன் வாயில் மலையகப் பேச்சுத்தான் வரும். பிறகு தணிந்து கேட்டாய்: “நீங்கள் படிச்சனீங்கள். வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இவர் உண்மையா அங்கதான் இருக்கிறாரோ?”

நான் விஞ்ஞான ரீச்சர் அல்லவா! அலுமாரியில் இருந்து தாவரவியல் புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். புத்தகத்தில் ஸ்ட்ரோபெரி இருந்தது: மூன்று இலை, தரையோடு வளரும், முள்ளில்லை. ஆனால் பூ வெள்ளை. உன் கடிதத்தில் இருந்ததோ இளஞ்சிவப்பு. பூ தனியாக, இலை தனியாக ஒட்டியிருந்ததைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழியில் பூ கழன்றுவிடும் என்று அந்த மனுசன் பயந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

“இது ரெண்டு செடி,” என்றேன். “இலை ஒண்டு, பூ வேறொண்டு. நீ சொல்லுற பழத்தில இப்பிடி ஒரு இனம் இல்லை.”

“வடிவாத் தெரியுமோ, ரீச்சர்?”

“ஓம். வடிவாத் தெரியும்.”

நீ அழவில்லை. பாசை நாலாகக் கிழித்து வாய்க்காலில் போட்டாய். அதன் பிறகு அவரிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றையும் நீ உடைக்கவில்லை. திருப்பி அனுப்ப ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னாய். மூன்று உறையிலும் உன் பெயருக்கு மேலே, பெற மறுத்துவிட்டார் என்று என் முத்தான கையெழுத்தில் எழுதித் தந்தேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை வேறு.

அடுத்த இடப்பெயர்வில் தறப்பாள் கொட்டிலுக்குள் உனக்கு மலேரியா வந்தது. குளிசை கிடைக்கவில்லை. நான்காம் நாள், நினைவு தப்புவதற்கு முன், “அவன் பொய்க்காரன், என்ன ரீச்சர்?” என்று கேட்டாய். உன் நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, “ஓம்” என்றேன்.

இத்தனை வருடம் அந்த ஓம் எனக்கு ஒரு பாரமாகவே இருந்ததில்லை. இன்றைக்கு மகள் தந்த பழத்தைக் கையில் வைத்திருந்தபோதுதான் அது என் தலையில் இடியாக விழுந்தது. அவர் பொய் சொல்லவில்லை, பிள்ளை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இலையும் பூவும் ஒரே செடிதான். என் கண்ணால் கண்டேன்.

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ வவுனியாவுக்குப் போயிருப்பாய். வகுப்பில் ஒரு நாளும் நான் சொல்லாத வார்த்தை அது. உன்னிடமும் சொல்லவில்லை.

அவர் இப்போது எங்கே என்று மகளிடம் தேடிப்பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கண்டுபிடித்தால் நானே நேரில் போவேன். நான் யார் என்று அவருக்குச் சொல்லத் தேவையிராது. அந்த மூன்று உறையில் எழுதியதுபோல ஒரு வரி எழுதிக் காட்டினால் போதும்.