கேட்டை மூடினோமா என்று பார்க்கப் போனவர்

ஹாஸ்,
செவ்வாய் காலை

அன்புள்ள ஜூலியனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகள் மெரேயும் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. பதறாதே, உன் அப்பா கீழேதான் இருக்கிறார், முட்டை வேகவில்லை என்று விடுதிக்காரியோடு மல்லுக்கு நிற்கிறார். ஆனால் நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

பென்னைன் மலைவழியை இந்த வருஷமாவது நடந்து முடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. நேற்று இங்கிருந்து ஷன்னர் மலை ஏறி அந்தப் பக்கம் கெல்ட் கிராமத்தில் இறங்குவதாக ஏற்பாடு. அடிவாரத்து ஹார்ட்ரா ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கல்சுவர் போகும் பாதையில் ஒரு கேட்டைத் திறந்து மூடிவிட்டு அரை மைல் ஏறியிருப்போம், "கேட்ட மூடினோமா?" என்றார். மூடினோம் என்றேன். "ஆடு வெளிய வந்துட்டா அந்த விவசாயி நம்மள என்ன நினைப்பான்?" என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கால் மணி நேரம் போகவில்லை, அதே கேள்வி, மறுபடியும் இறங்கினார். நாற்பது வருஷம் நடைக்குழுவைக் கூட்டிப் போனவர், கேட்டைத் திறந்துபோட்டவனைப் பத்துப் பேர் முன்னால் நாறடித்தவர், அதனால் நானும் சிரித்துத்தான் வைத்தேன். மூன்றாவது முறை போனவர் வரவில்லை.

மூடுபனி இறங்கியது, மழையும் பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து வந்த இரண்டு பெண்கள், "எல்லாம் சரிதானே?" என்று நின்று கேட்டார்கள். நான் பல்லைக் காட்டி, "ஒரு குறையும் இல்லம்மா, அருமையான நாள்" என்றேன், மழைத் தண்ணீர் கழுத்துக்குள் வடிய. புத்தி கெட்டவள்! யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று நம்மை வளர்த்த வளர்ப்பு அப்படி, புருஷன் தொலைந்தாலும் வாய் திறக்காது. மீட்புக் குழுவைக் கூப்பிட்டால் அவர் மானம் போய்விடுமே என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு விழுந்தடித்து இறங்கினேன்.

கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டு, "மேல போறீங்களா மேடம்? நீலக் கோட்டு போட்ட ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா, என் பொண்டாட்டிதான். கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க" என்றார். நான் அதே நீலக் கோட்டோடு நிற்கிறேன் ஜூலியன். சரி, சொல்கிறேன் என்றேன். சுவரோரம் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். வழியில் பார்க்கும் ஆளிடம் நம்மவர்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள் இல்லையா, அப்படி உன்னைப் பற்றி ஆரம்பித்தார். "பையன் நியூசிலாந்துல பாலம் கட்டுறான், கெட்டிக்காரன். போனா இந்த வாசப்படி மிதிக்காதேன்னு வாய விட்டுட்டேன். அவன் இல்லாம எப்படி இருக்கப் போறேனோன்னு பயம் மேடம், அதச் சொல்லத் தெரியல, திட்டிட்டேன். தப்பு என் மேலதான்." இதை மனைவியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "ஐயோ, அவ அழுவா. அவ அழுதா என்னால தாங்க முடியாது" என்றார்.

டீ தீர்ந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏண்டி மூக்கு செவந்திருக்கு, சளி புடிச்சிருச்சா?" என்றார். அதுவரை பேசியது ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. நானும் ஆமாம் சளி என்றேன்.

வியாழக்கிழமை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன், அதற்கே என்ன ஆர்ப்பாட்டம் பண்ணுவாரோ. எனக்குப் பயமாக இருக்கிறதடா, தனியாக முடியவில்லை. நீ போன் பண்ணாதே, மணியடித்தாலே தோட்டத்துக்கு ஓடிவிடுகிறார், ஐந்து வருஷமாக அதுதானே நடக்கிறது. நேரில் வந்து நில். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், மெரேவுக்கு என் முத்தம். டிக்கெட்டை இந்த வாரமே போடு, கிறிஸ்துமஸ் வரை தள்ளாதே. அவர் என்னிடம் சொன்னதை உன்னிடமும் ஒருநாள் சொல்லத்தான் போகிறார். நீ யாரென்று தெரிந்து சொல்லட்டும்.

உன் அம்மா,
ஐலின்