அரளிப்பூவின் ஓரம்

ஆட்டையாம்பட்டி
வெகுதான்ய வருஷம், ஆவணி 12

சிரஞ்சீவி சண்முகவேலுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், பம்பாயில் நீ சுகமாயிருக்க அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள். உன் தங்கை பூவாத்தாளுக்கு இது ஏழாம் மாதம், முகம் தெளிந்திருக்கிறது. மழை சரியில்லை, ஆனாலும் சாயம் அலசும் அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது.

நீ மில்லில் வரைந்து அச்சாகி, பூவாத்தாளுக்கு அனுப்பிய பூப்போட்ட மெல்லிய வாயில் துணி வெள்ளிக்கிழமை பார்சலில் வந்தது. பிரித்ததும் அம்மா, ஏனுங்க, சாயமெல்லாம் ஓடிப்போச்சுங்களே, பையன் வேலைக்கே மோசம் வந்துருமுங்களே என்று அழுதேவிட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அரளிப்பூவின் சிவப்பு இலைப் பச்சைக்குள் வழிந்திருக்கிறது, ஒரு இதழுக்கும் கோடு இல்லை. பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தேன். நீ வரைந்த பூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடச் சொல்லி மில்லில் நெருக்குகிறார்கள், அப்பாவும் இதைச் சாயம் போன துணி என்று சொன்னால் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

உள்ளதைச் சொல்கிறேன் சாமி, ஆமாம் சாயம் போனதுதான் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன். ஐந்து வருஷமாய் நீ எப்போது திரும்புவாய் என்றுதானே இருக்கிறேன். ஆனால் சோதிக்காமல் சொன்னால் நான் என்ன சாயக்காரன். ஒரு முனையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வெள்ளைத் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தேன், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, சாயம் கெட்டி. வெயிலில் உலரப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இதழ் நடுவில் வெளுத்து, ஓரத்துக்குப் போகப் போக நிறம் திரண்டு, கடைசியில் மயிரிழை போல இருண்டு நிற்கிறது. அந்த ஓரத்தை நீ வரையவில்லை, காகிதத்தில் நீ விட்ட தண்ணீர் காயும்போது தானே வரைந்துகொண்டது, அச்சிலும் அப்படியே இறங்கியிருக்கிறது. நம் பட்டறைத் தரையில் சாயச் சொட்டு விழுந்து காய்ந்தால் இதே ஓரம்தான். நாற்பது வருஷமாய் அதைக் காலால் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறேனடா. அதற்குள் இப்படி ஒரு பூ இருந்தது எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் மழையில நனைஞ்ச பூவாட்டமே இருக்குதுங்க என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் இருக்கிறதா என்று விரலை வேறு பார்த்துக்கொண்டாள்.

ஆகையால் கோடு போடாதே. மில்லில் பெரியவர்களிடம் வார்த்தை தடிக்காமல் நயமாய்ச் சொல். வேலையை விட்டு வரவும் வேண்டாம். உனக்கென்று காலியாய் வைத்திருந்த சாயத்தொட்டியை நேற்றுப் பக்கத்து வீட்டுச் சின்னண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உன் கையும் கண்ணும் நன்றாயிருக்கட்டும். குழந்தை பிறந்ததும் தந்தி கொடுக்கிறேன், வந்து பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்பிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
குழந்தைவேல்