ஜனவரியில் விழாத உறைபனி

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் எதெல்வினா வணங்கி எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? கறுப்பு லாமா குட்டி போட்டுவிட்டதா?

கொச்சபாம்பாவில் வெயில் சுகமாகத்தான் இருக்கிறது. பட்டம் வாங்க எழுத வேண்டிய ஆய்வுக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது: நம் ஊர் சுன்யோ. உருளைக்கிழங்கை உறைபனியில் பரப்பி, காலால் மிதித்து நீங்கள் காயவைப்பதை அருகிலிருந்து பார்த்து எழுதப் போகிறேன்.

திட்டத்தைப் படித்த பேராசிரியர் கிஸ்பெர்ட் அம்மையார் வகுப்பே திரும்பிப் பார்க்கச் சிரித்துவிட்டார்.

“ஏம்மா, ஜனவரி லீவுல ஊருக்குப் போய் சுன்யோ போடறதப் பாப்பேன்னு எழுதியிருக்கியே, கொட்டுற மழையில உறைபனி எங்கேர்ந்து விழும்? நீ அந்த ஊர்க்காரிதானா? இது ஆய்வுத் திட்டமா, பஸ் டிக்கெட்டா?”

நானும் சேர்ந்து சிரித்தேன். கவலைப்படாதீர்கள், தலைப்பு தப்பித்தது. பயணத்தை உறைபனி விழும் ஜூனுக்கு மாற்றிவிட்டு, விடுமுறை முழுக்க நூலகத்தில் உட்காரச் சொல்லிவிட்டார். அதனால் ஜனவரியில் வர முடியாது.

உறைபனி எப்போது விழும் என்று எனக்குத் தெரியாதா அம்மா? எழுதும்போது விடுமுறை எப்போது என்பது மட்டும்தான் நினைவிலிருந்தது.

இதைக் கொண்டுவரும் தெயோதோரோ மாமா திரும்பும்போது ஒரு பை சுன்யோ கொடுத்தனுப்புங்கள். என் பழைய கம்பளியும் வேண்டும். இங்கே குளிரில்லை, இருந்தாலும் வேண்டும்.

பஸ் கிளம்புகிறது, மாமா கை நீட்டுகிறார். ஜூனில் முதல் குவியலை நான் வரும்வரை யாரும் மிதிக்க வேண்டாம். ஆய்வுக்காக என்று அப்பாவிடம் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் தெரியுமே.

எதெல்வினா