இடது முப்பது, வலது இருபத்திரண்டு

பட்டியாலா
4.8.1986

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

நலம். சோற்றைக் கண்டு இரண்டு மாதமாயிற்று, ரொட்டிதான். முழங்கால் தேறி வருகிறது. இந்த விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் தரையில் இரண்டு இரும்புப் பலகைகள் பதித்திருக்கிறார்கள், காலுக்கு ஒன்று. குதித்து இறங்கினால் எந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டுகிறது. வந்த அன்று வலியே இல்லை என்று சாதித்தேன். அடிபட்ட கால் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்று கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. இப்போது இரண்டும் ஏறக்குறைய சமம்.

அக்டோபரில் ரயில்வே தேர்வுக்கு வந்துவிடுவேன். உயரம் தாண்டுபவர்களுக்கு ஒரே இடம்தான், வேலையோடு. உனக்கு விட்டுக்கொடுப்பேன் என்று கனவு காணாதே.

உன் முத்துவடிவு

தென்காசி
16.8.1986

அடி முத்துவடிவு,

வா, வா. இங்கன சாரல் விடவில்லை. மைதானம் சேறு. ஆனாலும் தினமும் தாண்டுகிறேன். "இந்த வருசம் வேலை இல்லேன்னா தையில கல்யாணம், பாத்துக்கோட்டி" என்று அம்மா சொல்லுதா.

உன் பலகைக்கு நானும் போட்டி. பள்ளிக்கூடத்து எடை மெஷினையும் கனி டாக்டர் வீட்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலுக்கு ஒன்றாக ஏறி நின்றேன். இடது முப்பது கிலோ, வலது இருபத்திரண்டு. வாட்ச்மேன் மாடன் அண்ணாச்சி, "ஏட்டி, வலது காலுக்கு மட்டும் சோறு போடலையா?" என்று சிரித்தார்.

மங்களேஸ்வரி

பட்டியாலா
27.8.1986

மங்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். பதில் போடாவிட்டால் இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மெஷின்களை இடம் மாற்றி வைத்து மறுபடி நின்று பார். அப்போதும் வலதில் குறைந்தால் அந்தக் காலில் ஏதோ கோளாறு. அதோடு தாண்டாதே. என் முழங்கால் அப்படித்தான் போனது.

முத்துவடிவு

தென்காசி
8.9.1986

முத்து,

மாற்றி வைத்தேன். மறுபடியும் வலதுதான் குறைவு. கணுக்கால். சித்திரையில் கீழப்பாவூர்ப் பந்தயத்தில் பிசகியது. நீ படுத்திருக்கும் இந்த வருடத்தை விட்டால் உன்னை ஜெயிக்க முடியாது என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. உன்னிடமும்தான்.

நான்கு நாள் உன்மேல் கோபம். இவள் ஏன் எழுதித் தொலைத்தாள் என்று திட்டினேன். பிறகு அழுதேன்.

அம்மாவிடம் காலைக் காட்டிவிட்டேன். "தையில கல்யாணம் கிடையாதும்மா, பட்டியாலா போறேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பேசுவாள்.

தேர்வுக்கு நான் வரவில்லை. நீ தாண்டி வேலையை வாங்கிக்கொள். புறப்படுமுன் அங்கே எனக்கு ஒரு கட்டிலுக்குச் சொல்லி வை. அடுத்த வருடம் இரண்டு காலோடும் வந்து உன்னைத் தோற்கடிக்கிறேன்.

உன் மங்கா