நீ கை வைக்காத வரி

உன் மடிக்கணினியைத் திறந்ததும் விசைகளின் இடுக்கிலிருந்து மணல் உதிர்ந்தது. நேற்று மாலை உன் தங்கைதான் அதை அடையாறில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "அவன் செஞ்சிகினு இருந்தது இதுலதான் கீதுண்ணா. அப்பா தினம் கேக்குறாரு" என்றாள்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். மீன்பிடிக்கப் போகும், படிக்கத் தெரியாத உன் அப்பாவுக்காக, அன்றன்றைய கடல் நிலவரத்தைத் தமிழில் சொல்லும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாய். இயந்திரக் குரல் அவருக்குப் பிடிபடாது என்று ஒவ்வொரு சொல்லையும் உன் குரலிலேயே பதிவு செய்தாய். கிண்டி அலுவலக மொட்டைமாடியில் நின்று, "காத்து கம்மி", "அலை ஜாஸ்தி" என்று நீ கைபேசியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த வியாழக்கிழமை மதியம் அழைத்தாய்.

"மச்சி, பைத்தானைப் புதுசா போட்டேன். டெர்மினல்ல கேட்டா கீதுன்னுது. எடிட்டர்ல ஓட்டுனா எக்ஸ்டென்ஷன் மட்டும் இல்லவே இல்லன்னுது. இன்னாடா இது?"

நான் ஒரு மீட்டிங்குக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். "மூடித் திறந்து பாரு. வரலன்னா நாளைக்குப் பாக்கலாம்."

"மூணு வாட்டி தொறந்துட்டேன். சரி, நாளைக்கு வா."

மறுநாள் காலை மழையில் உன் பைக் சறுக்கியது. அன்றோடு நீ இல்லை.

நேற்று அதே பிழைச்செய்தி என் முன்னால் வந்தது. நீ நிரல் எழுதும் எடிட்டரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நிரலை ஓட்டும் பைத்தான் கணினியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரியில், நீ நீக்கிவிட்ட பழைய பதிப்பின் இடம் இருந்தது. புதியது வேறொரு இடத்தில் இருக்க, எடிட்டரோடு ஒட்டிய எக்ஸ்டென்ஷன் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

அந்த வரி நான் எழுதியது. போன வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துவிட்டு, "இனிமே இந்தத் தொந்தரவே வராது" என்று சொல்லி எழுந்து போனேன். அதன் மேலே நீ ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறாய்: "இது மச்சி வெச்சது. கை வைக்காதே."

மற்ற வரிகளிலெல்லாம் நீ மாற்றி மாற்றிப் பார்த்த தடங்கள் இருந்தன. இதை மட்டும் தொடவில்லை. அன்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் இந்த வரி எனக்கு நினைவு வந்திருக்கும்; அன்றே உன் நிரல் ஓடியிருக்கும்.

திருத்தினேன். ஓட்டினேன். "காத்து கம்மி. அலை கம்மி. போலாம்" என்று நீ பேசினாய். உன் தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இன்று விடிந்ததும் பட்டினப்பாக்கத்தில் உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "போலான்றான்" என்றார்.

படகு தண்ணீரில் இறங்கும்வரை நின்றிருந்தேன். அந்த வரியைப் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. உன் தங்கையிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.